மறு: பாலைவனக் குளிர்ப்புயல் – ‘வேனில்வாடை’ எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கப் பாலைவனத்தில் இளவேனிலில் வீசும் குளிர்ந்த பலத்த காற்றுக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்ற இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ஈப்போ டீச்சர், “சரி, ‘இளவேனிற்காலப் பாலைக் குளிர்ப்புயல்’ என்றே பட்டியலில் ஏற்றிவிடலாம்” என்று எழுதியதும் பேசாமல் இருக்க முடியவில்லை. டீச்சர், உங்கள் சொல்லில் பொருள் ஒன்றும் விடுபடவில்லை. ஆனால் அது வரையறை, பெயராக நிற்கவில்லை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியை வாசிக்கச் சொன்னேன். பாதியில் மூச்சு வாங்கினாள்.

எனக்கு இந்தச் சொல் தேவைப்பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். தங்கை மகள் லாஸ் வேகாஸில் வேலை பார்க்கிறாள். ஏப்ரலில் ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டாள். கம்பளிக்குள் சுருண்டிருந்தாள், பின்னால் சன்னலில் வானம் மண் நிறமாக இருந்தது. “பெரியம்மா, நேத்து 28 டிகிரி, இன்னிக்கு 11. காத்து ஆளையே தள்ளுது” என்றாள். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் விடிகாலை 23 டிகிரிக்கே போர்வை தேடுகிறவர்கள் நாங்கள். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். “பாலைவனத்துல ஏன்டி குளிருது?” என்று கேட்டார். அவள் வடக்கே இருந்து வரும் குளிர்காற்று என்று விளக்கினாள். அம்மா உடனே, “அப்ப அது வாடைக்காத்து. காலம் தப்பி வந்திருக்கு” என்றார். நாமக்கல் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த என் பாட்டி, மார்கழிக் குளிரை அப்படித்தான் சொல்வாராம். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த அம்மா அந்தக் காற்றை ஒருநாளும் மேலில் பட்டறிந்ததில்லை. சொல் மட்டும் அவரிடம் இருந்தது.

முதலில் ‘புயல்’ ஏன் வேண்டாம் என்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நம் வாசகருக்குப் புயல் என்றால் கடல்தான். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நாகப்பட்டினத்துச் சொந்தங்களுக்குத் தொலைபேசி கிடைக்காமல் தவித்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். 2001 டிசம்பரில் வாமெய் ஜொகூரில் கரையேறியதும் கடலிலிருந்துதான். வெதுவெதுப்பான கடல்நீரில் பசியாறி வளர்வது அது. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் வீசுவதற்குக் கடல் தேவையில்லை. அது பிழைப்பதே குளிருக்கும் சூட்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில். இன்னொன்று, பழைய தமிழில் புயல் என்பதற்கு மேகம், மழை என்றுதான் பொருள். வேகாஸ் நகரில் அன்று நாலு தூறல்கூட விழவில்லை, புழுதிதான்.

நடப்பது இதுதான். வேகாஸைச் சுற்றியுள்ள மொகாவி பாலை, சியரா நெவாடா மலைத்தொடரின் மழைமறைவில், அதாவது மழையை மலை தடுத்துவிடும் பக்கத்தில், கிடக்கிறது. ஏப்ரலில் தெற்கே தரை சூடேறத் தொடங்கிவிடும், வடக்கே குளிர்காலம் இன்னும் விடைபெற்றிருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே உயரத்தில் ஓடும் ஜெட் காற்றோட்டம் ஆற்றைப்போல வளைந்து தெற்கே இறங்கும்போது, வடக்கத்திக் குளிர்காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. அப்போது சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் வெப்பநிலை −25 டிகிரி செல்சியசுக்கும் கீழே போவதுண்டு. தரையிலோ வெயில் காய்ந்து காற்று கீழிருந்து மேலே கலங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கலக்கத்தில் மேலேயுள்ள வேகம் தரைக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் அந்தப் பக்கத்தில் ஆண்டிலேயே காற்று மிகுந்த காலம் இளவேனில். வீச்சு மணிக்கு 93 கிலோமீட்டரைத் தொடும் என்று தெரிந்தால் அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை பலத்த காற்று எச்சரிக்கை விடுகிறது. நெடுஞ்சாலையில் சரக்கில்லாத உயரமான லாரிகள் அப்படியே சாய்ந்துவிடும். வற்றிய ஏரிப் படுகைகளிலிருந்து மண் கிளம்பி ஊரை மூடும். நகரத்தில் புழுதி பறக்கும் அதே நாளில் பக்கத்திலுள்ள 3,632 மீட்டர் உயரச் சார்ல்ஸ்டன் சிகரத்தில் பனி கொட்டும்.

கிள்ளான் அண்ணன் கேட்ட கேள்வி இங்கேதான் வருகிறது. “வாடை வடகாற்று அல்லவா? அங்கே முதலில் அடிப்பது தென்மேற்குக் காற்று என்று படித்தேனே?” அண்ணே, நீங்கள் படித்தது சரி. குளிர்முகப்பு, அதாவது வந்துசேரும் குளிர்காற்றின் முன்விளிம்பு, வருமுன் தென்மேற்கிலிருந்து சூடாகப் புழுதியோடு அடிக்கும். முகப்பு கடந்ததும் வடமேற்குக்கு மாறி வெப்பம் சரசரவென்று இறங்கிவிடும். நம் முன்னோர் மேற்குக் காற்றுக்குக் கோடை என்றும் வடகாற்றுக்கு வாடை என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆக, அங்கே ஒரே நாளில் கோடை திரும்பி வாடையாகிறது. இரண்டு காற்றுக்கும் சொல் வைத்திருக்கும் மொழியில் எதற்கு ஐந்து சொல்லை ஒட்டவேண்டும்? இந்நிகழ்வை இனங்காணச் செய்வது கடைசியில் வந்து இறங்கும் குளிர். அதனால் வாடையின் பெயரே நிற்கட்டும் என்கிறேன்.

முன்னால் ‘வேனில்’ சேர்ந்தால் ‘பருவம் தவறிய’ என்று தனியாக எழுதவேண்டிய வேலையே இல்லை. வாடைக்குரியது பனிக்காலம். அதை வேனிலோடு சேர்த்துச் சொன்னவுடன் காலம் தப்பியது என்று கேட்கிறவருக்கு விளங்கிவிடும். வேனில்வாடை: புணர்ச்சியில் ஓர் எழுத்தும் திரியவில்லை. பாலை என்று சேர்க்கத்தான் வேண்டுமா என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை. ஆனால் ஒன்று மனத்தைத் தொட்டது. தொல்காப்பியம் பாலைக்கு வேனிலை மட்டும் கொடுக்கவில்லை, பின்பனியும் அதற்கு உரியது என்கிறது. வறண்ட நிலத்துக்குக் குளிரும் உண்டு என்பது நமக்குப் புதிய செய்தியல்ல.

சரி, உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். நேற்று வகுப்பில் ‘வாடை’ என்று எழுதினேன். பின்வரிசைப் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். எங்கள் ஊர்ப் பக்கம் வாடை என்றால் நாற்றம்தான். ஒட்டுப்பால், அதாவது உறைந்து நாறும் ரப்பர்ப் பால், குவித்து வைத்த கொட்டகை வழியே பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் அவர்கள். வேறு எந்தப் பொருளும் அவர்கள் காதில் விழுந்ததில்லை. இதை நான் சிறியதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் பாடநூலில் முதன்முறை வரும்போது ‘வேனில் வாடைக்காற்று’ என்று முழுதாக எழுதி, அப்புறம் வேனில்வாடை என்று சுருக்கலாம். ‘காற்று’ கூட வந்தால் மூக்குக்குப் போகாது. இன்று காலை அப்படித்தான் எழுதிக் காட்டினேன், யாரும் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளை, “நம்ம சுமத்ரா மாதிரியா டீச்சர்?” என்று கேட்டாள். விடியுமுன் மலாக்கா நீரிணையைக் கடந்து மேற்குக்கரையில் அடிக்கும் இடிமழைக் காற்றைத்தான் சொன்னாள். காரணம் வேறு, இருந்தாலும் அவள் பிடித்துக்கொண்ட நுனி சரியானது. அதற்கும் வந்த திசையை வைத்துத்தான் பெயர்.

‘குளிர்ச்சூறை’ என்று பினாங்குத் தம்பி கொடுத்ததும் நல்ல சொல். வேகத்தைக் காட்டுகிறது, ஆனால் பருவத்தைக் காட்டவில்லை. அதை வீச்சுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சொல்லையும் இதே இழையில் முடித்துவிட ஆசை. சிலசமயம் அந்த வளைவின் அடிப்பகுதி ஜெட் காற்றோட்டத்திலிருந்து அறுந்து தனிச் சுழலாகிவிடும். இழுத்துப்போக மேற்குக் காற்று இல்லாமல் நாள்கணக்கில் ஒரே இடத்தில் சுற்றும். எப்போது நகரும் என்று கணிக்க முடியாமல் வானிலையாளர்கள் திணறுவது இதனிடம்தான். ‘வெட்டுண்ட தாழ்வழுத்தம்’ என்று பட்டியலில் இருக்கிறது. யாரோ வெட்டியதுபோல் ஒலிக்கிறது. ‘அறுசுழி’ என்றால் ஆறு சுழி என்று எண்ணிக்கொள்வார்கள். ஆறு தன் வளைவைக் கைவிட்டு நேரே ஓடிவிட்டால் மிச்சமாகும் நீரை இங்கே மலாய்க்காரர்கள் சுங்கை மாத்தி, செத்த ஆறு, என்கிறார்கள். வானத்தில் நடப்பது ஏறக்குறைய அதுதான், ஆனால் இது சாகவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு ஓட்டத்தோடு மறுபடி சேர்ந்தும் விடும். நான் ‘பிரிசுழி’ என்கிறேன். வினைத்தொகை என்பதால் பிரிந்தது, பிரிகிறது, பிரியும் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும்.

பட்டியலுக்கு என் வரி இது:

வேனில்வாடை (வேனில் வாடைக்காற்று): இளவேனிலில் வறண்ட நிலத்தின்மேல் வடக்கத்திக் குளிர்காற்று இறங்குவதால் எழும் பலத்த காற்று. புழுதியும், உயரமான இடங்களில் பனியும் சேர்ந்து வரலாம். மேலடுக்கில் பிரிசுழி தங்கினால் நாள்கணக்கில் நீடிக்கும்.

கோவை ஐயா, கொங்குப் பக்கம் இன்றும் வாடை என்றால் காற்றா, நாற்றமா என்று மட்டும் சொல்லுங்கள். ‘காற்று’ என்ற ஒட்டு எல்லா இடத்திலும் வேண்டுமா, எங்கள் ஊர்ப் பாடநூலுக்கு மட்டும் போதுமா என்பது அதைப் பொறுத்தது.