தொண்டு நிறுவனங்கள்கிட்ட இருக்கற டேட்டாவ சுகாதாரத் துறைக்கு குடுக்கலாமா?

கடல்நுரை:
ரொம்ப நாளா மனசுல இருக்கறத இங்க போடறேன். ஹெல்ப்லைன், ஷெல்டர், நோயாளிகள் ஆதரவு குழு நடத்தற தொண்டு நிறுவனங்கள்கிட்ட வந்து சேர்ற தகவல் பெரும்பாலும் அங்கயே முடங்கிடுது. ஆஸ்பத்திரி ரெக்கார்டுல வந்தவங்க கணக்கு இருக்கும், வராதவங்க ஏன் வரலைங்கறது இருக்காது. நான் ஹெல்ப்லைன்ல வேலை பாக்கறேன், பல பேர் சொல்றத சேத்து சொல்றேன்: மாத்திரை தீர்ந்து ரெண்டு மாசம் ஆயிருக்கும், திரும்பப் போனா ஏன் நிறுத்தினனு எல்லார் முன்னாடியும் திட்டுவாங்கன்னு பயந்து போகாமயே இருப்பாங்க. துறை ஃபைல்ல இவங்க 'சிகிச்சைய விட்டவர்', அவ்ளோதான். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவங்களுக்குத்தான் கம்மியா கிடைக்குதுன்னு 1971லயே ஜூலியன் ட்யூடர் ஹார்ட்னு ஒரு டாக்டர் லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல எழுதினாரு. அவங்க ஏன் வரலைங்கற காரணம் எங்ககிட்ட இருக்கு, குடுக்காம வச்சிருக்கறது தப்புன்னு நினைக்கறேன்.

சுடர்விழி:
கடல்நுரை, உங்க அக்கறை புரியுது, ஆனா அவங்க உங்கள நம்பித்தான் சொன்னாங்க, துறைய நம்பி இல்ல. துறைக்கு பயந்துதானே உங்களுக்கு போன் பண்றாங்க? அமெரிக்காவுல க்ரைசிஸ் டெக்ஸ்ட் லைன்னு ஒரு தொண்டு நிறுவனம், உயிர விட்டுடலாம்னு இருக்கறவங்க மெசேஜ் பண்ற சேவை. பேர் நீக்கின உரையாடல்கள லோரிஸ்ங்கற லாப நோக்கு கம்பெனிக்கு குடுத்தாங்கன்னு 2022ல வெளிய வந்துச்சு, எதிர்ப்பு கிளம்பினதும் நிறுத்தினாங்க. விதிமுறைக்கு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு அவங்க தரப்பு வாதம். அந்த நிலைமைல இருக்கறவங்க எவன் அம்பது வரி விதிமுறை படிப்பான்?

கடல்நுரை:
அது கம்பெனி சாஃப்ட்வேருக்கு போச்சு, நான் கேக்கறது கிளினிக் நேரத்த மாத்தறதுக்கும் ஆள் போடறதுக்கும். ரெண்டையும் ஒண்ணா பாக்காதீங்க.

சுடர்விழி:
நோக்கம் நல்லதா இருந்தா மட்டும் போதாதுங்க, டேட்டா போன எடத்துல நிக்கணுமே. 2022 ஜனவரில செஞ்சிலுவை சங்க சர்வர ஹேக் பண்ணப்ப 5 லட்சத்து 15 ஆயிரம் பேருக்கு மேல தகவல் போச்சு, போர்லயும் பேரிடர்லயும் குடும்பத்த தொலைச்சவங்க தகவல். அவங்க கெட்ட எண்ணத்துலயா சேத்தாங்க?

பனித்துளி:
நடுவுல வர்றேன். டேட்டாவ அனுப்பித்தான் ஆகணும்னு யார் சொன்னது? 2020ல இங்கிலாந்துல ஓபன்சேஃப்லின்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ரெக்கார்டு இருந்த எடத்துலயே இருக்கும், ஆராய்ச்சி பண்றவங்க தங்களோட கம்ப்யூட்டர் புரோகிராம மட்டும் அங்க அனுப்புவாங்க, வெளிய வர்றது மொத்த கணக்குதான். அப்படி 1.7 கோடி பேர் ரெக்கார்ட வச்சு கோவிட்ல யாருக்கு ஆபத்து அதிகம்னு கண்டுபிடிச்சாங்க, ஏழ்மையான பகுதில இருக்கறவங்களுக்கு சாவு அதிகம்னு அதுல தெளிவா தெரிஞ்சுது. ஆனா அது டாக்டர் ரெக்கார்டு, ஒரே ஃபார்மேட். தொண்டு நிறுவனத்துல ஒருத்தர் எக்செல்ல வச்சிருப்பாரு, இன்னொருத்தர் நோட்டுல, மொதல்ல அத சரி பண்றதுக்கே பணம் வேணும், அத யாரும் பேசறதில்ல.

சுடர்விழி:
மொத்த கணக்குன்னாலும் கவனம் வேணும் பனித்துளி. ஒரு சின்ன ஏரியால, குறிப்பிட்ட வயசுல, எச்ஐவி இருக்கறவங்க ரெண்டு பேர்னு அட்டவணைல வந்தா அக்கம்பக்கத்துக்கு யாருன்னு தெரிஞ்சுடும். பேர எடுத்துட்டோம்ங்கறது பதிலே இல்ல, 90கள்ல லதான்யா ஸ்வீனிங்கற ஆராய்ச்சியாளர் பேர் நீக்கின ஆஸ்பத்திரி டேட்டாவ வாக்காளர் பட்டியலோட பொருத்தி பாத்து அமெரிக்காவோட மாசசூசெட்ஸ் மாநில கவர்னரோட ரெக்கார்டயே எடுத்துட்டாங்க, பிறந்த தேதி, பின்கோடு, ஆணா பெண்ணா, இவ்ளோதான் தேவைப்பட்டுது.

கடல்நுரை:
சின்ன எண்ண மறைச்சுடலாம், பத்துக்கு கீழ போனா போட மாட்டோம்னு ஒரு விதி வச்சா முடிஞ்சுது.

சுடர்விழி:
முடியல. மறைச்சா ரொம்ப ஒதுக்கப்பட்டவங்கதான் மொதல்ல காணாம போவாங்க, யாருக்காக இதெல்லாம் பண்றீங்களோ அவங்களே. அப்பறம் உங்களுக்கு போன் பண்ணக்கூட வழியில்லாதவங்க உங்க டேட்டாலயும் இல்ல.

பனித்துளி:
இது சரியான பாயிண்ட், ஆஸ்பத்திரி கணக்கோட சேத்து பாத்தாதான் ஓட்டை எங்கன்னு தெரியும், இத மட்டும் வச்சு முடிவு எடுக்கக்கூடாது.

சுடர்விழி:
டேட்டாவ குடுக்க வேணாம்னு சொன்னாலும் உதவி அப்படியே கிடைக்கும்னு போன எடுத்ததும் வாயால சொல்லுங்க, போலீசுக்கோ குடியுரிமை துறைக்கோ போகாதுன்னு எழுத்துல குடுங்க, எந்த கேள்விக்கு யூஸ் பண்ணலாம்னு முடிவு எடுக்கற குழுல அந்த மக்கள உக்கார வைங்க. அப்ப மொத்த கணக்குக்கு ஒத்துக்கறேன். ஒவ்வொருத்தர் ரெக்கார்டயும் ஆஸ்பத்திரி ரெக்கார்டோட கோக்கறதுக்கு மாட்டேன்.

கடல்நுரை:
முதல் மூணும் நானே எங்க அமைப்புல கேக்கறேன். கடைசி விஷயத்துலதான் ஒத்துக்க முடியல. ஒரே ஆள் மூணு அமைப்புக்கு போனா மூணு பேரா எண்ணுவாங்க, எங்ககிட்ட பேசினப்பறம் அவங்க கிளினிக்குக்கு போனாங்களா இல்லையான்னு கோக்காம தெரியவே தெரியாது. விருப்பப்பட்டு சரின்னு சொல்றவங்க ரெக்கார்ட மட்டும் கோத்தா அதுக்கும் மாட்டேன்பீங்களா?