பென்ஹர் (1959): தேரோட்டத்தை நீக்கினால் என்ன மிஞ்சும்?

கேள்வி:
வில்லியம் வைலர் இயக்கி, 11 ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற 'பென்ஹர்' படத்தை அண்மையில்தான் முழுமையாகப் பார்த்தேன். தேரோட்டக் காட்சி மெய்சிலிர்க்க வைத்தது. ஆனால் நாயகனின் பகைவனான மெசாலா இறந்த பிறகு கதை தளர்ந்துவிட்டதாகவே தோன்றியது. இது உண்மையிலேயே ஆன்மிகப் படமா, அல்லது பிரம்மாண்டத்துக்குப் பூசிய பக்திச் சாயமா?

பதில் 1:
ஆன்மிகப் படம்தான் என்பேன். நாசரேத்தில், தாகத்தால் சரிந்து விழும் நாயகன் யூதாவுக்கு ஒருவர் தண்ணீர் கொடுக்கிறார். அவருடைய முகத்தை வைலர் நமக்குக் காட்டுவதே இல்லை. தடுக்க வந்த ரோமானிய அதிகாரி அந்த முகத்தை ஏறிட்டுப் பார்த்து, சொல்லிழந்து, தயங்கிப் பின்வாங்குகிறான். நாம் காண்பது அந்த அதிகாரியின் தடுமாற்றத்தை மட்டுமே. பின்னர் சிலுவை சுமந்து செல்லும் அதே மனிதருக்கு, அதாவது இயேசுவுக்கு, யூதா தண்ணீர் கொடுக்க முயலும்போது அந்தக் கடன் நினைவுக்கு வருகிறது. நீங்கள் தளர்வு என்று கருதும் பகுதி இல்லாவிட்டால், இந்த இணைப்பே இல்லை.

பதில் 2:
தண்ணீர்க் காட்சி பற்றி மறுப்பில்லை. ஆயினும் யூதாவுக்கும் எஸ்தருக்கும் இடையிலான காதல் வலுவற்றது. யூதாவாக நடித்த சார்ல்டன் ஹெஸ்டன் கோபத்தில் காட்டும் உயிர்ப்பை மென்மையில் காட்டவில்லை. இன்னொன்று: ஆண்ட்ரூ மார்ட்டனும் யாக்கிமா கனட்டும் படமாக்கிய அந்தத் தேரோட்டத்தின்போது பின்னணி இசையே கிடையாது. இசையமைப்பாளர் மிக்லோஸ் ரோஸாவின் இசை, ஓட்டத்துக்கு முந்தைய தேர் அணிவகுப்போடு நின்றுவிட, குளம்பொலியும் கூட்டத்தின் இரைச்சலுமே நம்மை இழுத்துச் செல்கின்றன.

கேள்வி கேட்டவர்:
அந்த அதிகாரியின் முகத்தை நான் கவனிக்கவே தவறிவிட்டேன். அக்காட்சியை மீண்டும் பார்க்கிறேன், நன்றி.