டிக்கி பாரும் ஹவாயும்: போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து:
இங்கே ஃபேர்மாண்ட் ஹோட்டலுக்குள் இருக்கும் டோங்கா ரூமுக்கு ஆபீஸ் நண்பர்களோடு போயிருந்தேன். அது ஒரு டிக்கி பார், அதாவது பசிபிக் தீவு போல அலங்கரித்து ரம் பானங்கள் தரும் மதுக்கூடம். நடுவில் குளம், ஒரு காலத்தில் அது ஹோட்டலின் நீச்சல்குளம். அதில் மிதக்கும் தெப்பத்தில் பாட்டுக் கச்சேரி. திடீரென்று இடி இடித்து, மேலிருந்து குளத்தில் மழை கொட்டுகிறது. கூட வந்தவர்கள் "ஹவாய்க்கே போன மாதிரி இருக்கு" என்றார்கள். எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் பெயர் டோங்கா என்ற வேறொரு பசிபிக் தீவு நாட்டுடையது, ரம் கரீபியனுடையது, தட்டில் வந்தது பெரும்பாலும் சீனச் சமையல். இதில் ஹவாய் எங்கே?

ஹவாயின் பெரிய தீவுக்குப் போய் வந்தவன்:
டிக்கி பிறந்தது கலிஃபோர்னியாவில். 1930களில் ஹாலிவுட்டில் 'டான் தி பீச்காம்பர்', ஓக்லாந்தில் 'டிரேடர் விக்' என்ற பார்கள்தான் தொடக்கம். இரண்டாம் உலகப் போர் முடிந்து பசிபிக்கிலிருந்து திரும்பிய சிப்பாய்களால் அந்த மோகம் நாடு முழுக்கப் பரவியது.

ஹவாயில் நீங்கள் பார்க்க வேண்டியது பெரிய தீவில் இருக்கும் ஹொனாவுநவு என்ற பழைய அடைக்கலத் தலம். சாந்தே பூசாமல் எரிமலைக் கல்லை அடுக்கி எழுப்பிய மதில். அந்தக் காலத்தில் 'கப்பு' என்ற விலக்கை மீறியவனுக்கு மரண தண்டனை. துரத்துகிறவர்களிடம் சிக்காமல் இந்த எல்லைக்குள் வந்துவிட்டால் பூசாரி சடங்கு செய்து விடுவிப்பார். அரச குலத்தவரின் எலும்புகளைக் காத்த கோயில் வீடும் அங்கேதான். சுற்றிலும் மரச்சிலைகள். அவை பிற்காலத்தில் செதுக்கியவை, ஏனென்றால் 1819-ல் முதலாம் கமேஹமேஹா இறந்ததும் கப்பு முறையை அரச குடும்பமே ஒழித்தது, சிலைகளை எரித்தார்கள். 'கூ' தெய்வத்தின் ஆளுயரப் பெருஞ்சிலைகளில் மிஞ்சியவை மூன்றே. ஒன்று ஹொனலூலு பிஷப் மியூசியத்தில், ஒன்று லண்டனில், ஒன்று மாசசூசெட்ஸில். டிக்கி பார்களில் அந்த முகத்தைக் கோப்பையாக வார்த்து ரம் ஊற்றிக் கொடுப்பதை அதற்குப் பிறகு என்னால் ரசிக்க முடியவில்லை.

ஹிலோவில் விழா பார்த்தவள்:
ஹவாயின் நடனமான ஹூலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிஷனரிகளின் செல்வாக்கில் 1830-ல் பொது இடங்களில் அதற்குத் தடை வந்தது. அதை மறுபடி மேடை ஏற்றியவர் அரசர் கலாகவுவா. அவருடைய பட்டப்பெயரால் ஈஸ்டரை ஒட்டி ஹிலோவில் மெரி மோனார்க் விழா நடக்கிறது. பழைய முறை ஆட்டத்தில் முதலிடம் பாட்டின் சொற்களுக்குத்தான். ஆசான் சுரைக்குடுவையைத் தட்டியபடி எரிமலைத் தெய்வமான பெலேயையும் அரச வம்சங்களையும் பாட, அந்தச் சொற்களுக்கு உடல்கள் அசைகின்றன. பல வருடப் பயிற்சி அது. பார்களில் தொங்கும் புல் பாவாடை ஹவாயுடையதே அல்ல, கில்பர்ட் தீவுகளிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் கொண்டுவந்தது.

ஹொனலூலுவின் வைகிகியிலிருந்து:
டிக்கி பார்களின் பேர்போன ரம் பானமான மாய் டாய் இங்கேயும் கிடைக்கும். 'டிரேடர் விக்' பாரை நடத்திய விக் 1944-ல் ஓக்லாந்தில் தான் கலந்ததாகச் சொன்ன பானம், 1953-ல் ராயல் ஹவாயன் ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் உள்ளூர்க்காரர் வீட்டில் கூப்பிட்டால் மறக்காமல் போய்ச் சாப்பிடுங்கள். முக்கியமான பண்டம் 'பொய்', அதாவது நம் சேப்பங்கிழங்கை அவித்து இடித்த கூழ். இறந்தே பிறந்து மண்ணில் புதைக்கப்பட்ட முதல் பிள்ளைதான் சேம்பாக முளைத்தது, அதன் தம்பி வழி வந்தவர்களே மனிதர்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் 'பொய்' வைத்த கிண்ணம் திறந்திருக்கும்போது வீட்டில் யாரும் சண்டை போடக் கூடாது.