நாப்பது தாண்டி தொழில் கத்துக்கப் போன முதல் நாள் – உங்களுக்கு என்ன நடந்துச்சு?

பழைய கணக்குப்புள்ள
துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனில 16 வருஷம் அக்கவுண்ட்ஸ் பாத்தேன், ஆர்டர் இல்லாம மூடிட்டாங்க. வயசு 43. அங்க வெல்டரா இருந்த பையன் இப்ப தனியா கேட், கிரில் பட்டறை போட்டிருக்கான், அவன்கிட்டயே போய் நின்னேன். வெல்டிங் பண்ற கருப்புக் கண்ணாடி போட்டா ஒண்ணும் தெரியாது, எடுத்தா கண்ணு கூசும். வெல்டிங் ராடை இரும்பு ஆங்கிள்ல தீக்குச்சி உரசற மாதிரி லேசா இழுங்கன்னான். நான் உரசினா ராடு ஆங்கிள்ல போய் ஒட்டிக்குது, மிஷின் உம்ம்ம்னு கத்துது, ராடு செவசெவன்னு பழுக்குது, திருகிப் பிச்சா நுனில பூச்சு உதிர்ந்து மொட்டக் கம்பியா நிக்குது. சாயங்காலம் அவன் குத்த வெச்சு உக்காந்து நான் வீணாக்குன பத்தாம் நம்பர் ராடையெல்லாம் பொறுக்கி தரையில வரிசையா அடுக்குனான். 14. எழுந்திரிச்சு, சிரிக்கவே இல்ல, "கணக்குல எழுதிக்கங்க சார்"னான்.

விஷயம் என்னன்னா, கம்பெனில ஸ்டோர் ரெஜிஸ்டரும் என் கையிலதான் இருந்துச்சு. ஒரு தடவ இதே பையன, ஒரு நாளைக்கு இத்தன ராடு எப்படிப்பா தீரும், துண்டக் கொண்டாந்து காட்டிட்டு புதுசு வாங்குன்னு எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கேன். அத மனசுல வெச்சு சொன்னானா, சும்மா சொன்னானா? மூணு வாரமாச்சு, கேக்க வாய் வரல.

திருப்பூர் அக்கா
மனசுல வெக்காம இருப்பானுங்களா, நல்லாவே வெச்சிருந்திருப்பான். அத விடுங்க. எனக்கு 46 வயசுல பவர் மிஷின், அதான் மோட்டார்ல ஓடற தையல் மிஷின், சொல்லிக் குடுத்தது எம்பொண்ணு வயசுப் புள்ள. வீட்ல 20 வருசமா மிதிக்கிற மிஷின் ஓட்டுனவ நானு, ஜாக்கெட்டெல்லாம் தைப்பேன், அதனால எல்லாம் தெரியும்னு நெனப்பு. அந்தப் புள்ள ஊசில நூலே கோக்காம ஒரு பேப்பரக் குடுத்து "கோட்டு மேலயே ஓட்டுங்க்கா"ன்னுச்சு. வீட்டு மிஷின் நெனப்புல அமுத்துனேன் பாருங்க, டர்ர்ர்னு பேப்பரு அந்தப் பக்கம் போயி விழுந்துருச்சு, கோடு ஒரு பக்கம் ஓட்ட ஒரு பக்கம். முன்னங்கால அமுத்துனா ஓடும், குதிகால அமுத்துனா நிக்கும்னு அப்பறந்தான் சொல்லுச்சு, மொதல்லயே சொன்னா என்னவாம். குனிஞ்சு பேப்பர எடுத்துத் திருப்புனா பத்தாவது கணக்குப் பரீட்ச பேப்பரு, செவப்பு மையில 87ன்னு வட்டம் போட்டிருக்கு, அதுக்கு மேல அந்தப் புள்ள பேரு. அது மேல பூரா நா ஓட்ட போட்டு வெச்சிருக்கேன். ஏன் சாமி படிக்கலன்னு கேக்கவே இல்ல, அடுத்த பேப்பர எடுத்து நீட்டிருச்சு.

ஏசி மெக்கானிக் 50
நானும் 50 வயசுல ஏசி வேல கத்துக்கிட்டவன், முதல் நாள் பூரா ஏணி புடிச்சேன், அவ்வளவுதான் என் கதை. ஆனா கணக்குப்புள்ள சார், கண்ணு கூசும்னு சாதாரணமா எழுதிட்டுப் போறீங்க, அது கூச்சம் இல்ல. அந்த வெளிச்சத்துல வர்ற புற ஊதாக் கதிர் கருவிழிய பொசுக்குது. அப்ப ஒண்ணும் தெரியாது, ஆறேழு மணி நேரம் கழிச்சு நடு ராத்திரி கண்ணுல மண்ண வாரிப் போட்ட மாதிரி இருக்கும், தண்ணியா ஊத்தும். உடனே தாய்ப்பால் விடு, உருளைக்கெழங்க வெட்டி வைன்னு பட்டறைல சொல்லுவாங்க, கேக்காதீங்க, கண் டாக்டர்கிட்ட போங்க. மரத்துப்போற சொட்டு மருந்த நீங்களா வாங்கி விடவே கூடாது. பத்தாம் நம்பர் ராடுக்கு, அதாவது 3.15 எம்எம், கருப்புக் கண்ணாடி 10 இல்லன்னா 11ஆம் நம்பர் இருக்கணும், கூலிங் கிளாஸ் பத்தவே பத்தாது. பாலியஸ்டர் சட்ட வேணாம், பொறி பட்டா உருகித் தோல்ல ஒட்டிக்கும். ராடு நமத்துப் போயிருந்தா நல்ல வெல்டருக்கே தகராறு பண்ணும், 14க்கும் நீங்களே பொறுப்புன்னு நெனைக்காதீங்க. முறையா கத்துக்கணும்னா பக்கத்துலயே திருச்சி பெல் (BHEL) கம்பெனியோட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1975லேர்ந்து நடக்குது, விசாரிங்க. திருப்பூர் அக்காவுக்கு, தமிழ்நாடு அரசோட கலைஞர் கைவினைத் திட்டத்துல தையலும் வருது, 35 வயசு ஆனவங்களுக்குத்தான் அது, கடன் 3 லட்சம் வரைக்கும், மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபா. மாவட்டத் தொழில் மையத்துல கேளுங்க.

செங்கோட்டை பரோட்டா
யாரு அண்ணாச்சி உங்ககிட்ட திட்டம் கேட்டா, அவரு ஒரு வார்த்தைய நெனச்சு ராத்திரி தூங்காம கெடக்காரு. திருப்பூர் அக்கா சொல்லுததும் தப்பு. பழிவாங்கணும்னு நெனச்சவன் ஒரு நாள் ராடு 14ஐயும் வீணாக்க விட்டிருக்க மாட்டான், அது அவன் காசுல்லா.

நான் துபாய்ல இருந்து வந்து 41ல பரோட்டா அடிக்கப் போனேன். மாஸ்டர் மாவத் தொடவே விடல, ஒரு துண்ட நனைச்சுக் குடுத்து இத வீசிப் பழகுலேன்னுட்டாரு. மத்தியானம் கூட்டம், நான் பாட்டுக்கு மூலையில நின்னு வீசுதேன், மணிக்கட்டு கழண்டுருச்சு, திடீர்னு துண்டு கைய விட்டுப் பறந்து சாப்பிட்டுட்டு இருந்த ஒரு ஏட்டு தோள்ல போய் விழுந்துச்சு. எனக்கு உசுரே இல்ல. அந்த மனுசன் திரும்பிக்கூடப் பாக்கல, சால்னாக் கைய அதுலயே தொடச்சிட்டு, மேசை மேல வெச்சிட்டு, "தம்பி ஒரு ஆம்லெட்டு"ன்னாரு. மாஸ்டர் துண்ட எடுத்து அலசிப் பிழிஞ்சு மறுபடி என் கையிலயே குடுத்தாரு.

திருப்பூர் அக்கா
உருளைக்கெழங்கு வெச்சா குளுகுளுன்னு இருக்குதுங்களே, எங்கூட்டுக்காரருக்கு ரெண்டு நாள்ல செரியாப் போச்சு.

ஏசி மெக்கானிக் 50
கெழங்கே வெக்கலன்னாலும் ரெண்டு நாள்ல சரியாதான் போயிருக்கும்மா. லேசாப் பட்டிருந்தா தானா ஆறிடும்.

பழைய கணக்குப்புள்ள
கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். பையன்கிட்ட இன்னும் கேக்கல. நேத்து பட்டறையப் பெருக்கும்போது மிஷினுக்கு அடியில இன்னொரு ராடு துண்டு கெடந்துச்சு, நுனியப் பாத்தாலே தெரிஞ்சுது, என்னுதுதான். ஆக 15. எடுத்து அவன் அளவு எழுதற நோட்டு மேல வெச்சிட்டு வந்துட்டேன். இன்னைக்குக் காலைல போனா அத கொக்கியா வளைச்சு ஜன்னல் கம்பில வெல்டு வெச்சு, டீத் தூக்க மாட்டிருக்கான்.