கால்நடை மருத்துவப் படிப்பில் மனச்சோர்வு: மனநல மருத்துவரைப் பார்த்தால் அரசு வேலைக்குத் தடையாகுமா?

கேள்வி – நான்காம் ஆண்டு மாணவி

பி.வி.எஸ்சி. நான்காம் ஆண்டு படிக்கிறேன். முதலாண்டில் உடற்கூறியல் படுத்திய பாடு பெரிது என்றாலும், தேர்வு முடிந்ததும் அந்தக் கவலையும் தீர்ந்துவிடும். சிகிச்சைப் பிரிவுக்கு வந்த பிறகு ஏற்பட்டிருக்கும் கவலை தீர்வதாயில்லை. கர்ப்பப்பை முறுக்கிக்கொண்ட எருமை ஒன்றை ஓர் இரவில் வண்டியேற்றிக் கொண்டுவந்தார்கள். கீழே கிடத்தி, வயிற்றின்மேல் பலகை வைத்து உருட்டி முறுக்கைப் பிரித்தோம். கன்று உள்ளேயே இறந்திருந்தது, தாயும் விடிவதற்குள் இறந்துவிட்டது. அதை வளர்த்த அம்மா கழுத்துக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே, "இனி சொசைட்டிக்கு எதைக் கறந்து ஊத்துறது?" என்று கேட்டார். எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை. அதன்பின் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவும் இல்லை; அடுத்த மாடு காத்திருந்தது, மறுநாள் உள்தேர்வு வேறு.

சில வாரங்களாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, விடுதி அறையை விட்டு வெளியே வரவே மனமில்லை. சில காலைகளில், விழிக்காமலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. நான் இந்தத் தொழிலுக்கு ஏற்றவள் இல்லையா? மனநல மருத்துவரிடம் போனால் அது பதிவாகி, நாளை அரசு கால்நடை உதவி மருத்துவர் பணிக்கு இடையூறாகுமா? எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் மாட்டு டாக்டருக்குப் படிக்கிறாள் என்று சொல்லிக்காட்டும் உறவினர்கள் உள்ள வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

மறுமொழி 1 – அரசு கால்நடை மருந்தகத்தில் பணிபுரிபவர்

தங்கைக்கு வணக்கம். விழிக்காமலேயே இருந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைக் கவனியுங்கள். அறைத்தோழியிடமோ விடுதியில் நீங்கள் நம்பும் ஒருவரிடமோ இன்றிரவே அதைச் சொல்லிவிடுங்கள்; தனியாக இருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவை 2022 முதல் இயங்குகிறது. கட்டணமில்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஏற்றவள் இல்லையா என்ற கேள்விக்கு என் பதில், அந்த அம்மாவின் சொல் உங்கள் காதில் விழுந்ததே உங்களுக்குள்ள தகுதி என்பதுதான். நம் தொழிலில் நோயாளி ஒருவர், பேசுபவர் இன்னொருவர். எந்த மருந்து வேண்டும் என்பதை நோய் தீர்மானித்தாலும், எந்த மருந்து கிடைக்கும் என்பதை மாட்டுக்காரரின் கையிருப்பே பல நேரம் தீர்மானிக்கிறது. கன்று ஈன்றபின் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்ட பசுவுக்குக் கருணைக்கொலை என்ற பேச்சை எடுக்கவே இங்கே பெரும்பாலோர் விரும்புவதில்லை. அது வேதனைப்படுவதைப் பார்த்துக்கொண்டே நாள்தோறும் போய்ப் புரட்டிப் போட்டு, குளுக்கோஸ் ஏற்றிவிட்டு வருகிறோம். இந்தப் பாரத்தைத் தாங்குவதற்குப் பாடத்திட்டத்தில் தனிப் பயிற்சி கிடையாது.

மாடு இறந்ததும் நம் வேலை முடிந்துவிட்டது என்று நான் கிளம்புவதில்லை. என்ன நோய், ஏன் பிழைக்கவில்லை என்பதை வீட்டாரிடம் உட்கார்ந்து சொல்கிறேன். காப்பீடு செய்த மாடாக இருந்தால் காதில் மாட்டிய அடையாள வில்லையின் எண்ணைச் சரிபார்த்து, பிரேதப் பரிசோதனைச் சான்றைத் தாமதமின்றி எழுதித் தருகிறேன், ஏனெனில் அடுத்த மாடு வாங்க அவர்களுக்கு இருக்கும் வழி பெரும்பாலும் அந்தத் தொகைதான். உயிரைக் காப்பாற்ற முடியாத நாளிலும் இவ்வளவாவது செய்ய முடிகிறது என்பது என்னைத் தாங்கிப் பிடிக்கிறது.

மறுமொழி 2 – மருத்துவ உளவியலாளர்

தூக்கம், பசி, பிறரோடு பழகும் விருப்பம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேலாகக் குறைந்திருந்தால், அதை மனவலிமைக் குறைவாக நினைக்காமல் மனச்சோர்வு நோயா என்று பரிசோதிக்க வேண்டும். அது குணப்படுத்தக்கூடிய நோய்.

பதிவு பற்றிய உங்கள் அச்சத்துக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி உங்கள் சம்மதமின்றிக் கல்லூரிக்கோ உறவினருக்கோ மருத்துவர் எதையும் தெரிவிக்கக் கூடாது. வேலையைப் பற்றிய கவலையால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில்தான் உண்மையான இழப்பு இருக்கிறது.

மறுமொழி 3 – முதுநிலை மாணவர்

மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மருத்துவரைப் பார் என்பதோடு பேச்சு நின்றுவிட்டால், முழுச் சுமையும் மாணவர் தலையிலேயே விழும். இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை நேர்ந்த கால்நடை மருத்துவர் இறப்புகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, தற்கொலையால் இறக்கும் நிலை பொதுமக்களைவிட ஆண் மருத்துவர்களிடம் 2.1 மடங்கும் பெண் மருத்துவர்களிடம் 3.5 மடங்கும் இருந்ததாகக் காட்டியது. அங்குள்ள சூழல் வேறு என்று நாம் ஒதுங்கிவிட முடியாது, ஏனெனில் இங்கே ஒரு மாட்டின் இறப்போடு ஒரு வீட்டின் வருமானமும் போகிறது, அதை நேரில் பார்ப்பவர் இருபது வயதைத் தாண்டிய ஒரு மாணவர்.

இறந்த விலங்கை மேசையில் கிடத்திக் கல்லீரல் எப்படி இருந்தது, குடல் எப்படி இருந்தது என்று ஒரு மணி நேரம் பேசுகிறோம். இரவெல்லாம் அதனருகே நின்றவர் எப்படி இருக்கிறார் என்று அதே மேசையருகே ஒரு ஆசிரியர் கேட்டால் என்ன குறைந்துவிடும்? இரவுப் பணி முடித்தவரைக் காலை எட்டு மணி வகுப்புக்கு வரச் சொல்லாமல் இருப்பதற்கும் பெரிய செலவு ஆகாது. ஒரு பாடத்தில் தவறி ஆண்டு பின்தங்கும் மாணவர் தம்மோடு சேர்ந்தவர்கள் எல்லோரையும் ஒரே நாளில் இழக்கிறார். அவரைத் தேடிப் போய்ப் பேசும் பொறுப்பு யாருக்கும் தரப்பட்டிருப்பதாக நான் கண்டதில்லை. தங்கையே, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் இங்கே எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அறைத்தோழியிடம் சொல்லிவிட்டேன், அவள் அருகில் இருக்கும்போதே 14416க்கும் பேசினேன். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குத் தானும் வருவதாகச் சொல்கிறாள். ஆண்டுத் தேர்வு நெருங்குவதால், அது முடிந்தபின் போனால் போதுமா?

மறுமொழி 2 – மருத்துவ உளவியலாளர்

போதாது, அம்மா. தேர்வுக்கு முன்பே, முடிந்தால் நாளைக்கே போங்கள். விழிக்காமலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து தேவைப்பட்டு அவர் தந்தால், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், இடையில் நீங்களாக நிறுத்த வேண்டாம். அதற்குள் அந்த எண்ணம் மீண்டும் வந்தால், எந்த நேரமானாலும் தோழியை எழுப்புங்கள்.