ஓடிடிஆர் சொன்ன தூரமும் பெரியவர் காட்டிய இடமும்

11 வருடமாக ஃபைபர் கேபிள், சிசிடிவி இரண்டு வேலையும் பார்க்கிறேன். மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள ஊர்கள்தான் எனக்கு. இங்கே மழைக்காலத்தைவிட மே மாதம்தான் எங்களைப் படுத்தும். ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதற்குள் தூர்வாரி முடிக்க வேண்டும் என்று எல்லா வாய்க்காலிலும் பொக்லைன் இறங்கும். அது நடக்காவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது, நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். ஆனால் கரைக்குள் கேபிள் போவதைப் பொக்லைன் ஓட்டுபவருக்கு யாரும் சொல்வதில்லை.

போன வருடம் மே மாதம் ஒருநாள் மதியம் சிங்கப்பூரில் இருந்து போன். "அண்ணே, அம்மா வீட்டு கேமரா ரெண்டு மணி நேரமா வரல. அம்மாவும் போன் எடுக்கல" என்றார் மகன். குரலே சரியில்லை. போட்டது போட்டபடி வண்டியை எடுத்தேன். அந்த அம்மா கொல்லையில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. முதலில் மகனோடு பேசவைத்தேன். அப்புறம்தான் மோடத்தைப் பார்த்தேன். சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னியது, இழையில் வரும் வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டரில் ஒன்றுமே இல்லை. அதற்குள் அதே தெருவில் இருந்து நாலைந்து போன். சரி, மெயின் கேபிளே போய்விட்டது.

கன்ட்ரோல் ரூமில், கேபிள் எத்தனை மீட்டரில் அறுந்தது என்று காட்டும் ஓடிடிஆர் கருவியைப் போட்டதில் 2,340 மீட்டர் என்று வந்தது. புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகள் இங்கேதான் ஏமாறுவார்கள். அந்தக் கருவி வெளிச்சத்தை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்துக் கணக்குச் சொல்கிறது. அது கண்ணாடி இழையின் நீளம், தரையின் தூரம் இல்லை. கம்பத்தில் உபரியாகச் சுற்றிவைத்த கேபிள், நாங்கள் லூப் என்போம், அதெல்லாம் அதில் சேர்ந்துவிடும். கேபிள் இழுத்தவர்கள் எந்தக் கம்பத்தில் எத்தனை மீட்டர் விட்டார்கள் என்று எழுதிவைக்கவில்லை. மதகுக்கு அப்பால் கேபிள் மண்ணுக்குள் போகிறது. அங்கே 300 மீட்டருக்குக் கரை முழுக்க வண்டலை வாரிக் குவித்திருந்தார்கள். எங்கே தோண்டுவது?

பூவரசு நிழலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, கருப்பு வயரா தேடுற? அந்த நுணா மரத்துக்கு நேரா. பன்னண்டு மணிக்கு பக்கெட்டுல மாட்டிக்கிட்டு வந்துச்சு. பிச்சுப் போட்டு மண்ணைத் தள்ளிட்டாங்க."

அவரே மண்வெட்டியும் கொண்டுவந்தார். அரை மணி நேரத்தில் கேபிள் கிடைத்துவிட்டது. நான் தேடிக்கொண்டிருந்த இடம் அதற்கு 120 மீட்டராவது தள்ளி.

இழுபட்டதில் 4 மீட்டர் நசுங்கிப்போயிருந்தது. மதகுக் கம்பத்து லூப்பை அவிழ்த்து இழுத்ததால் ஒரே ஜாயிண்டில் முடிந்தது. இல்லாவிட்டால் துண்டு கேபிள் போட்டு இரண்டு ஜாயிண்ட். கணக்கைக் குழப்பிய லூப்தான் கடைசியில் கைகொடுத்தது.

கேபிளுக்குள் மொத்தம் 12 கோர், அதாவது 12 கண்ணாடி இழை, ஒவ்வொன்றும் ஒரு நிறம். தோலுரித்த இழை 125 மைக்ரான், அதற்குள் வெளிச்சம் ஓடும் இடம் ஏறக்குறைய 9 மைக்ரான். வண்டல் தூசு பறக்கும் கோடைக் காற்றில் அதை ஒட்டவேண்டும். பெரியவர் குடையை விரித்து, மேலே தலைத்துண்டைப் போட்டுக் காற்றுப் பக்கமாகப் பிடித்தபடி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு கோரில் மட்டும் ஒட்டிய இடத்து வெளிச்ச இழப்பு 0.10 டெசிபலுக்கு மேல் காட்டியது. வெட்டிவிட்டுத் திரும்ப ஒட்டினேன், 0.02-க்கு வந்தது. நான் நீலம், ஆரஞ்சு, பச்சை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வேன். ஆறாவது கோருக்கு அவரே "அடுத்து வெள்ளை" என்றார், இரண்டு முனையையும் பார்த்துவைத்துக்கொண்டு.

மாலை ஆறரைக்கு அந்த அம்மா வீட்டு மோடத்தில் வெளிச்சம் மைனஸ் 21 டிபிஎம் வந்தது, அது போதும். வாசல் கேமராவுக்கு நேரே போய் நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "இப்ப தெரியிறேனா?" என்று போனில் கேட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு கம்பத்திலும் லூப் நீளத்தைப் பெயிண்டில் எழுதிவிட்டேன். மண்ணுக்குள் கேபிள் போகும் இடங்களில் கல் நட்டோம். பெரியவர் என் நம்பரை வாங்கிவைத்திருந்தார். இந்த வருடம் ஏப்ரல் கடைசியில் அவரே கூப்பிட்டார்: "தம்பி, பொக்லைன் வந்து நிக்குது. வண்டல்ல கல்லு மறைஞ்சு கெடக்கு. வந்து வயர் போற இடத்தை அவருக்குக் காட்டிட்டுப் போ."