'மாஸ்டர் ஷிப்ரைட்': 'தலைமை ஓடாவி' பொருந்துமா?

அன்புடையீர்,

பாய்மரக் காலக் கப்பற்கட்டுமானச் சொற்பட்டியலில், கப்பற்கட்டுதளத்தில் கட்டுமானத்துக்குத் தலைமை தாங்கிய 'மாஸ்டர் ஷிப்ரைட்' என்னும் பதவிக்குக் கப்பல் தலைமைத் தச்சர், கப்பல் வடிவமைப்பாளர், கலஞ்செய் பெருங்கம்மியர் ஆகிய மூன்று பரிந்துரைகள் இதுவரை வந்துள்ளன. அப்பதவியை வகித்தவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தபின், 'தலைமை ஓடாவி' (ஓடாவி: படகு கட்டுபவர்) என்ற நான்காவது சொல்லை முன்வைக்கிறேன்.

இங்கிலாந்தின் அரச கப்பற்கட்டுதளங்களில் பயிலுநராகச் சேர்ந்த ஒருவர் வழக்கமாக ஏழாண்டுகள் பயின்று, பின்னர் தொழிலாளியாகவும் சிறு குழுவின் தலைவராகவும் மேற்பார்வையாளராகவும் துணைவராகவும் படிப்படியாக உயர்ந்தே இந்த இடத்தை அடைந்தார். அடைந்த பிறகும் அவர் வெறும் மரவேலைக்காரர் அல்லர். மரத்தைத் தேர்வதும், செலவைக் கணிப்பதும், பெருங்கூட்டத்தை வேலை வாங்குவதும், குறை நேர்ந்தால் பதில் சொல்வதும் அவர் பொறுப்பே. கேம்பிரிட்ஜில் படித்துவிட்டுப் பிறகு கோடரி பிடித்த ஃபினியஸ் பெட், 'பிரின்ஸ் ராயல்' கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அதன் மரமும் அளவுகளும் சரியில்லை என்று சக கப்பற்கட்டுநர்களே குற்றஞ்சாட்டினர். 1609-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் உல்விச் தளத்துக்கு நேரில் வந்து விசாரித்துப் பெட் பக்கமே தீர்ப்பளித்தார். கப்பல் அடுத்த ஆண்டு நீரில் இறங்கியது. குற்றஞ்சாட்டியவர்களில் மூத்தவரான மேத்யூ பேக்கர், 1572-இலேயே இப்பதவியைப் பெற்றவர். ஆங்கிலக் கப்பல்களுக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய வரைபடங்களுட் சில அவர் கைப்பட்டவை.

பேக்கரையும் பெட்டையும் மட்டும் பார்த்தால் 'கப்பல் வடிவமைப்பாளர்' சரியென்றே தோன்றும். பம்பாய்க்கு வந்தால் அது நிற்காது. 1736-இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த லவ்ஜி நஸர்வான்ஜி வாடியாவின் வழியில் பல தலைமுறையினர் அங்கே கப்பல் கட்டினர். அவருடைய பேரன் ஜம்செட்ஜி பொமான்ஜி, 74 பீரங்கிகள் கொண்ட 'மிண்டன்' போர்க்கப்பலை 1810-இல் தேக்கு மரத்தில் கட்டி முடித்தார். 1817-இல் அவர் நீரில் இறக்கிய கப்பலுக்கு நம் திருகோணமலையின் பெயரே இடப்பட்டது; அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் துறைமுகத்தில் மிதக்கிறது. ஆனால் அதன் வரைபடம் அவருடையதன்று. அது சேர்ந்த 'லீடா' வகைப் போர்க்கப்பல்களின் வரைபடம் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டது. முதலில் வந்த படி, 1812-இல் அமெரிக்கக் கப்பலுடன் நடந்த சண்டையில் அதை ஏற்றிவந்த 'ஜாவா' என்ற பிரிட்டிஷ் கப்பலோடு அழிந்துபோனதால், மறுபடி ஒன்றை அனுப்ப வேண்டியிருந்தது. பிறர் வரைந்ததைத் தேக்கில் நிறைவேற்றிய ஜம்செட்ஜியையும், தாமே வரைந்து கட்டிய பேக்கரையும் ஒரே பதவிப்பெயர் குறிக்க வேண்டுமானால், 'வடிவமைப்பாளர்' உதவாது.

'தலைமைத் தச்சர்' மீதான என் மறுப்பு வேறு வகையானது. கப்பலிலேயே பயணித்துப் பழுது பார்க்கும் மாலுமித் தச்சர் இன்னொருவர் உண்டு; 'கப்பல் தச்சர்' என்பதை அவருக்கு ஒதுக்காவிட்டால் பட்டியலில் இருவரும் கலந்துவிடுவர். 'கலஞ்செய் கம்மியர்' மணிமேகலையில் வரும் அழகிய தொடர். எனினும் கம்மியர் என்றால் இன்று பலருக்கும் கொல்லரே நினைவுக்கு வருகிறார். 'மேஸ்திரி' என்ற சொல்லும், 'மாஸ்டர்' பிறந்த அதே லத்தீன் மூலத்திலிருந்து, போர்த்துகீசியம் வழியாக வந்ததுதான். ஆனாலும் அதைக் கட்டட வேலை முழுமையாகப் பிடித்துக்கொண்டது.

ஓடாவி என்பது படகும் தோணியும் கட்டுவோருக்கு நம் கடற்கரை ஊர்களில் உயிரோடு வழங்கும் சொல். ஓடாவிகள் தாளில் வரையாமல் கண்ணளவிலும் கையளவிலும் கட்டுபவர்கள், அச்சொல் அரச பதவிக்குப் பொருந்தாது என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். பேக்கருக்கு முன்பு ஐரோப்பாவிலும் பெரும்பாலோர் அப்படித்தான் கட்டினர். கைவினைஞர் பெயரைத் தாழ்வாகக் கருதும் நம் பழக்கம்தான் இங்கே தடையாக நிற்கிறதோ என ஐயுறுகிறேன்.

ஆகவே ஷிப்ரைட் என்பதற்கு 'ஓடாவி', பயிலும் நிலைக்கு 'ஓடாவிப் பயிலுநர்', துணைவருக்கு 'துணைத் தலைமை ஓடாவி' எனக் கொள்ளலாம். சிறு குழுவின் தலைவரான 'குவார்ட்டர்மேன்' என்பவருக்கு மட்டும் எனக்கு நிறைவான சொல் அமையவில்லை. தோணி கட்டும் இடங்களில் அவரை எப்படி அழைக்கிறார்கள் என்பதைத் தூத்துக்குடிப் பக்கத்து உறுப்பினர்கள் தெரிவித்தால் அதையே சேர்த்துக்கொள்ளலாம்.